இரும்பு-56 மேல் நியூட்ரான் சிதறல்: 14 எம்இவியில் பள்ளம் ரொம்ப ஆழம், 3 எம்இவியில் கோடு தரவுக்குக் கீழே. எங்கே தப்பு?

காட்பாடி_முதுகலை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இரும்பு-56 மேல் நியூட்ரானின் மீட்சிச் சிதறலை (அணுக்கருவைக் கிளராமல் சிதறுவதை) ஆப்டிகல் மாடலில், அதாவது அணுக்கருவை ஒரு கலப்பெண் பொட்டன்ஷியலாக வைத்து (மெய்ப்பகுதி அலையை வளைக்கும், கற்பனைப் பகுதி உறிஞ்சும்), கணக்கிடும் புரோகிராம் ஒன்றைப் பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதுகலை புராஜெக்ட். தயாராகக் கிடைக்கும் புரோகிராம் எதையும் உள்ளே அழைக்கக் கூடாது, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் டாலிஸ் என்ற அணுக்கரு வினைப் புரோகிராமை ஓட்டலாம் என்பது நிபந்தனை.

பொட்டன்ஷியல், கோனிங்–டெலரோச் 2003 குளோபல் (பல அணுக்கருக்களுக்கும் பொதுவான சூத்திரம்). ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்க நூமெரோவ் முறை, படி 0.1 ஃபெர்மி, 8 ஃபெர்மியில் வெளி அலையோடு பொருத்துகிறேன். கோண உந்தம் எல் = 0 முதல் 15 வரை.

14 எம்இவியில் முன்கோணங்களில் வடிவம் பரவாயில்லை. ஆனால் பள்ளங்கள் தரவில் இருப்பதைவிட மிக ஆழம், 90 டிகிரிக்கு அப்புறம் மேடுகள் மிக உயரம். வினைக் குறுக்குவெட்டு (நியூட்ரான் உறிஞ்சப்படும் வாய்ப்பின் அளவு) 1.4 பார்ன் பக்கம் வரவேண்டும், எனக்கு 1 பார்ன் அளவிலேயே நிற்கிறது. படியை 0.05 ஆக்கினால் எல் = 1-க்கான எஸ்-மேட்ரிக்ஸ் (வெளிச்செல்லும் அலையின் கெழு) மட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறுகிறது, மற்றவை அசையவில்லை. 3 எம்இவிக்கு ஓட்டினால் என் கோடு பள்ளத்தில் தரவுக்கு வெகு கீழே போகிறது. அது டாலிஸ் தரும் மொத்த மீட்சிக் கோட்டோடும் ஒட்டவில்லை.

ஆழங்களைத் தளர்த்தி ஃபிட் செய்து பார்த்தேன். மெய்ப்பகுதி ஆழமும் ஆரமும் கைகோத்துக்கொண்டு எங்கெங்கோ ஓடுகின்றன. கை-வர்க்கம் (தரவிலிருந்து விலகலின் அளவு) குறைகிறது, ஆனால் வந்த எண்களில் நம்பிக்கை இல்லை. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

சேண்பாக்கம் எழுதியது:

முதலில் ஃபிட்டை நிறுத்துங்கள். புரோகிராமில் ஒரு காரணி விடுபட்டிருந்தால், ஃபிட் அதை மற்ற அளவுருக்களின் தலையில் கட்டி மறைத்துவிடும். அதன்பின் தப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது.

நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களும், அதாவது ஆழமான பள்ளம், உயர்ந்த பின்கோணம், குறைந்த வினைக் குறுக்குவெட்டு, ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: உறிஞ்சல் போதவில்லை. 14 எம்இவியில் உறிஞ்சலின் பெரும்பகுதி மேற்பரப்பில் நடக்கிறது. அந்த உறுப்பு உட்ஸ்–சாக்ஸன் வடிவத்தின் (உள்ளே சமதளம், ஓரத்தில் வழவழப்பாக இறங்கும் பொட்டன்ஷியல் வடிவம்) வகைக்கெழு. அதற்கு முன்னால் 4 × (பரவல் அளவு ஏ) என்ற காரணி இருக்க வேண்டும். உட்ஸ்–சாக்ஸனின் வகைக்கெழு, ஆரத்தில் 1/(4ஏ) உயரம்தான் எட்டும். 4ஏ-யால் பெருக்கினால்தான் உச்சி 1 ஆகும், கொடுத்த ஆழம் உண்மையான ஆழமாக இருக்கும். பழைய சில புரோகிராம்களில் இந்த 4-ஐப் பயனரே பெருக்கிக் கொடுக்க வேண்டும். அவற்றின் கையேட்டைப் பார்த்து எழுதினால் 4 கைநழுவிப்போவது சகஜம்.

குறியையும் பாருங்கள். வகைக்கெழு எதிர்ம எண். ஆகவே "கூட்டல் ஐ × 4ஏ × ஆழம் × வகைக்கெழு" என்று எழுதினால் கற்பனைப் பகுதி எதிர்மமாக, உறிஞ்சலாக இருக்கும். குறி மாறினால் எஸ்-இன் அளவு 1-ஐத் தாண்டும். அணுக்கரு நியூட்ரானைத் தயாரித்து வெளியே அனுப்புகிறது என்று அர்த்தம்.

ஒப்பிட எண்கள் தருகிறேன். இரும்பு-56, 14 எம்இவி, குளோபல் சூத்திரம். ஃபெர்மி ஆற்றல் −11.2814 + 0.02646 × 56 = −9.80 எம்இவி. ஆகவே 14-க்கும் அதற்கும் வித்தியாசம் 23.80. மெய்ப்பகுதியின் முதல் கெழு 59.30 − 21.0 × (4/56) − 0.024 × 56 = 56.456. ஆற்றல் சார்பைப் பெருக்கினால் ஆழம் 47.45 எம்இவி. பரும உறிஞ்சல் 1.12, மேற்பரப்பு உறிஞ்சல் 7.17, ஸ்பின்-ஆர்பிட் 5.54 எம்இவி. ஸ்பின்-ஆர்பிட்டின் கற்பனைப் பகுதி −0.07தான், ஆனால் விட்டுவிட வேண்டாம். மெய்ப்பகுதிக்குச் சுருக்க ஆரம் 1.198, பரவல் 0.669. மேற்பரப்புக்கு 1.282, 0.535. ஸ்பின்-ஆர்பிட்டுக்கு 1.016, 0.59. இவை இங்கே கொடுத்த தசம இடம் வரை ஒத்துவரவில்லை என்றால் அதற்கு மேல் எதையும் பார்க்கத் தேவையில்லை.

இங்கே ஒரு பொறி. டாலிஸ் இரும்பு-56 போன்ற, தரவு நிறைய உள்ள அணுக்கருக்களுக்குத் தனி அளவுருக் கணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும். உள்ளீட்டில் 'லோக்கல்ஓஎம்பி' என்பதற்கு 'என்' கொடுத்தால்தான் மேலே சொன்ன குளோபல் எண்கள் ஓடும். இல்லாவிட்டால் உங்கள் புரோகிராம் சரியாக இருந்தும் இரண்டும் ஒட்டாது.

ஸ்பின்-ஆர்பிட்டுக்கு இரண்டு மரபுகள் உண்டு. எல்·சிக்மா என்று எழுதினால் மொத்தக் கோண உந்தம் ஜே = எல் + ½-க்கு மதிப்பு எல், ஜே = எல் − ½-க்கு −(எல் + 1). எல்·எஸ் (இங்கே எஸ் என்பது ஸ்பின்) என்று எழுதினால் இரண்டும் பாதி. கோனிங்–டெலரோச் எண்கள் எல்·சிக்மாவுக்கு உரியவை. முன்னால் பையான் காம்ப்டன் காரணி, ஏறக்குறைய 2.0 சதுர ஃபெர்மி. இந்த 2-ஐயும், எல்·எஸ்-இலிருந்து வரும் 2-ஐயும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். ஒன்றுக்கு யூனிட் உண்டு, மற்றதற்குக் கிடையாது. குறி சரியா என்று பார்க்க எளிய வழி: ஜே = எல் + ½-க்கு ஈர்ப்பு கூட வேண்டும், ஷெல் மாடலில் எஃப்-7/2 எஃப்-5/2-க்குக் கீழே இருப்பதைப் போல. குறியைத் திருப்பினால் வகையீட்டுக் குறுக்குவெட்டு பெரிதாக மாறாது, ஆனால் அனலைசிங் பவர் (ஸ்பின் திசையைப் பொறுத்து வரும் இட-வல வித்தியாசம்) தலைகீழாகிவிடும். அதனால்தான் குறுக்குவெட்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தத் தப்பு தெரிவதில்லை.

பாகாயம்_கடைசி_ஸ்டாப் எழுதியது:

சேண்பாக்கம் சொன்னது சரி. "ஏன் மேற்பரப்பிலே மட்டும் இவ்வளவு உறிஞ்சல்"னு வைவாவிலே கண்டிப்பா கேட்பாங்க, அதனால ஒரு வார்த்தை. காட்பாடி – பாகாயம் டவுன் பஸ்ஸைக் காலை 9 மணிக்கு நினைச்சுக்கோங்க. உள்ளே நிற்கிறவரை இடிச்சாலும் அவர் நகர இடமே இல்லை. படிக்கட்டிலே தொங்கறவரைத்தான் நகர்த்த முடியும். அணுக்கருவின் நடுவிலே கீழ்நிலைகள் எல்லாம் நிரம்பியிருக்கு. வர்ற நியூட்ரான் குறைஞ்ச ஆற்றலோட மோதினா, மோதின நியூக்ளியான் போறதுக்குக் காலி நிலை கிடையாது. இதுதான் பவுலி தடை. ஓரத்திலே அடர்த்தி குறைவு, அதிர்வு நிலைகளையும் அங்கேதான் கிளப்ப முடியும். ஆற்றல் ஏற ஏற உள்ளேயும் வழி திறக்கும், பரும உறிஞ்சல் வளரும், மேற்பரப்பு தேயும்.

உறிஞ்சல் வளையம் கோட்டை அகழி மாதிரின்னு சொல்றவங்க உண்டு. உவமை மோசமில்லை. மதில் (மெய்ப்பகுதியின் ஆரம்) 4.58 ஃபெர்மியிலே, அகழியின் நடு 4.90-இலே. மூன்றில் ஒரு ஃபெர்மி வெளியே.

இனி நியூமெரிக்ஸ். எல் = 1 மட்டும் படிக்கு ஆடுதுன்னா காரணம் ஒண்ணுதான். ஆர் = 0-இலே ஆர அலைச்சார்பு யூ = 0, அதனால நூமெரோவின் முதல் உறுப்பையும் 0-ன்னு போட்டிருப்பீங்க. மத்த எல்லா எல்-க்கும் அது சரி. எல் = 1-க்கு யூ ≈ சி × ஆர்-வர்க்கம். மையவிலக்கு உறுப்பு 2/ஆர்-வர்க்கம். ரெண்டையும் பெருக்கினா 0-இலே 2சி வருது, 0 இல்லை! நூமெரோவிலே நகர்த்தற அளவு (1 + படி-வர்க்கம் × கே-வர்க்கம்/12) × யூ. அதை 0-இலே −(முதல் புள்ளி யூ)/6-ன்னு வைங்க. இந்த ஒரு வரியை மாத்தினா எல் = 1-உம் மத்ததோட சேர்ந்து நாலாம் அடுக்கிலே ஒருங்கும்.

இன்னொரு குழி எல் = 3-இலே இருக்கு. முதல் புள்ளி ஆர் = படி. அங்கே மேலே சொன்ன அடைப்புக்குறி 1 − எல்(எல்+1)/12 ஆகும். எல் = 3-க்கு 1 − 12/12. கிட்டத்தட்ட பூஜ்யம்! எல் அதுக்கு மேலே போனா எதிர்மம். நகர்த்தற அளவை இதாலே வகுத்து யூ எடுக்கிற மாதிரி எழுதியிருந்தா எண் வெடிச்சுடும். வழி: எல் = 2-இலேர்ந்து மேலே, மையத்திலேர்ந்து தொடங்காதீங்க. ஆர் = எல் × படி வரைக்கும் யூ = 0, அடுத்த புள்ளியிலே 10-இன் அடுக்கு −10 மாதிரி ஒரு சின்ன எண், அங்கேர்ந்து ஓடுங்க. தடைப் பகுதிக்குள்ளே தொடங்கறதால, கலந்துவிட்ட தவறான தீர்வு வெளியே போகப்போக தானா செத்துடும்.

8 ஃபெர்மியிலே பொருத்தறது போதாது. கணக்குப் போட்டுப் பாருங்க: 47.45-ஐ ஈ-யின் அடுக்கு −(8 − 4.58)/0.669 ஆலே பெருக்கினா சுமார் 0.29 எம்இவி. அங்கே இன்னும் அணுக்கரு விசை உயிரோட இருக்கு. 12 ஃபெர்மிக்குப் போனா 0.7 கிலோஇவி. அது போதும். வகைக்கெழு எடுத்துப் பொருத்தாதீங்க. 12 பக்கத்திலே அரை ஃபெர்மி இடைவெளியிலே ரெண்டு புள்ளி, ரெண்டு யூ மதிப்பு, உள்வரும் வெளிச்செல்லும் ஹாங்கெல் சார்புகள் (விசை இல்லாத இடத்து அலைகள்), நேரா எஸ் வந்துடும். எண்முறை வகைக்கெழுவாலே வர்ற பிழை மிச்சம்.

படி 0.1 தாராளம். உள்ளே அலை எண் 1.70, அலைநீளம் 3.7 ஃபெர்மி. ஒரு அலைக்கு 37 புள்ளி விழுது. எல் 15 வரை போறதும் சரி. வெளியே அலை எண் கே = 0.807, 12 ஃபெர்மியிலே கே × ஆர் 9.7தான்.

அப்புறம் இதைக் கட்டாயம் பாருங்க: ஆழங்களைக் கணக்கிட 14 எம்இவி ஆய்வக ஆற்றல். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலே நிறைமைய ஆற்றல் 13.75. ரெண்டிலேயும் ஒரே எண் போட்டிருந்தா பள்ளம் கொஞ்சம் இடம் மாறி நிற்கும், காரணம் புரியாம ஆரத்தைக் கிள்ளிக்கிட்டிருப்பீங்க. சதுர ஃபெர்மிக்கு 10 மில்லிபார்ன்ங்கறதையும் மறந்துடாதீங்க, அது இன்னும் பலரைக் கவிழ்க்குது.

சரிபார்க்க நாலு சோதனை. பொட்டன்ஷியல் எல்லாம் 0-ன்னு வெச்சா எல்லா எஸ்-உம் 1. கற்பனைப் பகுதியை மட்டும் 0 ஆக்கினா எஸ்-இன் அளவு ஆறு தசமம் வரை 1. கோணத்தின் மேலே தொகையிட்ட மீட்சிக் குறுக்குவெட்டும் வினைக் குறுக்குவெட்டும் சேர்ந்து, எஸ்-இன் மெய்ப்பகுதியிலேர்ந்து வர்ற மொத்தத்துக்குச் சமம். கடைசியா விக் எல்லை: 0 டிகிரியிலே குறுக்குவெட்டு (கே × மொத்தம்/4பை)-இன் வர்க்கத்துக்குக் கீழே போகவே கூடாது. இரும்புக்கு 14 எம்இவியிலே மொத்தம் 2.6 பார்ன் பக்கம், அப்போ எல்லை ஸ்டெரேடியனுக்கு 2.8 பார்ன் பக்கம். உங்க கோடு 0 டிகிரியிலே அதுக்குக் கீழே இருந்தா எங்கேயோ பகுதி அலை விட்டுப்போச்சு.

காட்பாடி_முதுகலை எழுதியது:

ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணா. 4 விடுபட்டிருந்தது உண்மைதான். அதைச் சேர்த்ததும் வினைக் குறுக்குவெட்டு 1.4-ஐத் தொட்டுவிட்டது. எல் = 1 வரியை மாற்றி, 12 ஃபெர்மியில் பொருத்தியதும் படிக்கு ஆடுவதும் நின்றது. லோக்கல்ஓஎம்பி 'என்' கொடுத்தால் டாலிஸின் வடிவ மீட்சிக் கோடும் என் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன.

3 எம்இவி மட்டும் அப்படியே இருக்கிறது. எண்முறைத் தப்பு இல்லை என்றால் பொட்டன்ஷியல் குறைந்த ஆற்றலுக்குப் பொருந்தாததா?

ஆற்காடு_நவாப்பழம் எழுதியது:

பொட்டன்ஷியல் அங்கே நன்றாகவே பொருந்தும். 1 கிலோஇவி முதல் 200 எம்இவி வரைக்கும், நிறை எண் 24 முதல் 209 வரைக்கும் என்று சொல்லியே தயாரித்தது. உங்கள் கோட்டில் இல்லாதது பாதி நியூட்ரான்கள்தான்.

ஆப்டிகல் மாடலின் கற்பனைப் பகுதி விழுங்கிய நியூட்ரான் எல்லாம் வேறு வாயிலில் (சேனலில்) வெளியேறிவிட்டது என்று பொருள் இல்லை. இரும்பு-57 கூட்டு அணுக்கருவாகி, நேரம் கழித்து, வந்த வாயிலாலேயே திரும்பி வரலாம். அப்படி வருவதும் டிடெக்டருக்கு மீட்சிச் சிதறல்தான். இதைக் கூட்டு மீட்சி என்கிறோம். உங்கள் எஸ் தருவது வடிவ மீட்சி மட்டும். அளந்த தரவில் இரண்டும் உண்டு. இரண்டையும் குறுக்குவெட்டாகவே கூட்ட வேண்டும், வீச்சாகக் கூட்டக் கூடாது. ஆற்றல் சராசரியில் குறுக்கீடு அழிந்துபோகும்.

14 எம்இவியில் இது ஏன் தெரியவில்லை? அங்கே திறந்திருக்கும் வாயில்கள் ஏராளம், வந்த வழியாகத் திரும்புவது சொற்பம். 3 எம்இவியில் எண்ணிப் பாருங்கள்: நிறைமைய ஆற்றல் 2.947. இரும்பு-56-இன் நிலைகள் 0 (அடிநிலை, 0+, அதாவது ஸ்பின் 0, பாரிட்டி கூட்டல்), 0.847 (2+), 2.085 (4+), 2.658 (2+). அடுத்தது 2.942 (0+), அதற்கு மிச்சம் 5 கிலோஇவிதான், பெயருக்குத் திறந்தது. அத்தனைதான். ஆல்பா வெளியேற 0.33 எம்இவி உபரி இருந்தும் கூலும் தடுப்பு (மின் விலக்கல்) விடாது. புரோட்டானுக்கு வினை ஆற்றல் −2.91 எம்இவி, அதுவும் அதே கதி. காமா மெல்லியது. ஆகவே நாலு வாயில் உள்ள வீட்டில் நுழைந்தவர்களில் கணிசமானோர் முன்வாசல் வழியே திரும்பி வருவார்கள். ஈயம்-208 இன்னும் தீவிரம். முதல் நிலையே 2.615 எம்இவியில், 3−. அதற்குக் கீழே முன்வாசல் மட்டும்தான்.

கணக்கு ஹவுசர்–ஃபெஷ்பாக் 1952. உங்களிடம் எஸ் இருப்பதால் பாதி வேலை முடிந்தது. ஊடுருவல் கெழு = 1 − எஸ்-அளவின் வர்க்கம். ஒவ்வொரு இறுதி நிலைக்கும், அதன் கிளர்வு ஆற்றலைக் கழித்த நியூட்ரான் ஆற்றலில் மறுபடி புரோகிராமை ஓட்டி, எல், ஜே வாரியாகக் கெழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கோண உந்தம், சமநிலை (பாரிட்டி) ஒவ்வொன்றுக்கும், நுழைவுக் கெழு × வெளியேற்றக் கெழு / எல்லாக் கெழுக்களின் கூட்டுத்தொகை. முன்னால் பை/கே-வர்க்கம், இலக்கு சுழி ஸ்பின் என்பதால் (2ஜே + 1)/2. இரும்பு-56-க்கு சமநிலை எண்ணிக்கை எளிது: எல் இரட்டை என்றால் கூட்டல், ஒற்றை என்றால் கழித்தல். மேலே பட்டியலிட்ட நிலைகள் எல்லாமே கூட்டல் என்பதால், வெளியேறும் எல்-உம் நுழைந்த எல்-உம் ஒரே வகை இரட்டை அல்லது ஒற்றை. இதை விட்டால் தடைசெய்த வாயில்களும் பங்கு கேட்கும், மீட்சிப் பங்கு குறைந்துபோகும்.

இதோடு நிறுத்தினால் இன்னும் குறைவாகத்தான் வரும். காரணம் அகல ஏற்ற இறக்கம். நுழைவும் வெளியேற்றமும் ஒரே வாயில் என்பதால், அந்த வாயிலுக்கு அகலம் அதிகமான ஒத்ததிர்வுகளில் நுழைவும் அதிகம், திரும்புவதும் அதிகம். சராசரிகளின் பெருக்கலும் பெருக்கலின் சராசரியும் ஒன்றல்ல. இதனால் மீட்சி வாயில் 2-க்கும் 3-க்கும் இடைப்பட்ட காரணியால் உயரும். உறிஞ்சல் பலமான எல்லையில் 2, பலவீனமான எல்லையில் 3. அந்த உயர்வு மற்ற வாயில்களிலிருந்து கழியும். டாலிஸ் இதற்கு வழக்கமாக மோல்டாவர் திருத்தத்தைப் பயன்படுத்துகிறது. நீங்களும் அதையே எழுதினால் ஒப்பிட வசதி.

கூட்டு மீட்சியின் கோணப் பரவல் 90 டிகிரியைச் சுற்றிச் சமச்சீர். அதனால் முன்கோணத்தில் அது கண்ணில் படாது, பள்ளங்களையும் பின்கோணத்தையும்தான் தூக்கும். நீங்கள் பார்த்தது அதுவே.

தரவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரும்பின் மொத்தக் குறுக்குவெட்டு சில எம்இவி வரைக்கும் கரடுமுரடு. பாலாற்று மணலில் வண்டி ஓட்டுவது போலிருக்கும். எக்ஸ்ஃபோர் என்ற சோதனைத் தரவுத் தொகுப்பிலிருந்து எடுத்த ஒற்றை அளவீட்டை 3.0 எம்இவி என்று அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அதன் ஆற்றல் அகலம் எவ்வளவு என்று பாருங்கள். 10 கிலோஇவி அகலத்தில் எடுத்த தரவை வழவழப்பான மாடலோடு ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. அரை எம்இவி அளவுக்குச் சராசரி எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள். பல பழைய தரவுகள் இயற்கை இரும்புக்கு உரியவை. அதில் இரும்பு-56 91.75 சதவீதம். 14 எம்இவியில் இது பொருட்டில்லை, 3 எம்இவியில் மற்ற ஐசோடோப்புகளின் நிலைகள் கொஞ்சம் எட்டிப்பார்க்கும்.

குடியாத்தம்_லுங்கி எழுதியது:

ஃபிட் பற்றிக் கேட்டதற்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. "நிறுத்துங்கள்" என்பது பாதிப் பதில்தான், புராஜெக்ட்டில் ஃபிட் கேட்டிருந்தால் என்ன செய்வது?

ஆழமும் ஆரமும் சேர்ந்து ஓடுவது உங்கள் தப்பில்லை. நியூக்ளியானுக்கு ஆழம் × ஆரத்தின் வர்க்கம் ஏறக்குறைய மாறாமல் இருந்தால் குறுக்குவெட்டும் ஏறக்குறைய மாறாது. சுருக்க ஆரத்தை 1.198-இலிருந்து 1.22-க்கு ஏற்றினால் ஆழம் 47.45-இலிருந்து 45.75-க்கு இறங்கி அதே கோட்டைத் தரும். கை-வர்க்கப் பள்ளத்தாக்கு நீளமாகக் கிடக்கிறது, எங்கே நிற்பது என்று கணினிக்குத் தெரியாது. ஆகவே வடிவ அளவுருக்களைக் குளோபல் மதிப்பில் பூட்டுங்கள். முதலில் மெய் ஆழத்தையும் மேற்பரப்பு ஆழத்தையும் மட்டும் விடுங்கள். நின்றபின் மேற்பரப்பின் பரவலை விடுங்கள். அனலைசிங் பவர் தரவு இல்லாமல் ஸ்பின்-ஆர்பிட்டைத் தொடாதீர்கள், குறுக்குவெட்டு மட்டும் அதைக் கட்டுப்படுத்தாது.

அறிக்கையில் ஆழத்தைவிட ஒரு நியூக்ளியானுக்குரிய பருமத் தொகையீட்டை (பொட்டன்ஷியலைப் பருமம் முழுவதும் தொகையிட்டு நிறை எண்ணால் வகுத்தது) கொடுங்கள். மேலே உள்ள எண்களுக்கு அது 414 எம்இவி கன ஃபெர்மி. ஆழம், ஆரம் இரண்டும் நகர்ந்தாலும் இது அதிகம் நகராது. ஃபிட் முடிந்து இது 350 என்றோ 480 என்றோ வந்தால், கை-வர்க்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

எடை போடுவதிலும் கவனம் வேண்டும். முன்கோணப் புள்ளிகளின் பிழை சிறியது. கணினி அவற்றைத் திருப்திப்படுத்துவதிலேயே குறியாக இருக்கும், பள்ளத்தைக் கைவிட்டுவிடும். பள்ளத்திலோ வேறு சிக்கல்: மாதிரித் துண்டின் பருமனும் டிடெக்டரின் கோண அகலமும் பள்ளத்தை நிரப்பும், துண்டுக்குள் இரண்டு தடவை சிதறியதும் சேரும். மாடலை அதே கோண அகலத்தில் சராசரி எடுத்துவிட்டு ஒப்பிடாவிட்டால், இல்லாத உறிஞ்சலை ஃபிட் கண்டுபிடித்துக் கொடுக்கும். ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் நார்மலைசேஷனை ஒரு அளவுருவாக, 3 முதல் 5 சதவீதக் கட்டுக்குள், விட்டுப் பாருங்கள். இரண்டு ஆய்வகங்களின் தரவு ஒன்றுக்கொன்று இடிக்கும்போது அது இல்லாமல் பிழைக்க முடியாது.

சேண்பாக்கம் சொன்னதில் ஒரு சேர்க்கை. இரும்பு-56 உருண்டை இல்லை. 0.847 நிலை பலமாகக் கிளரும், உருச்சிதைவு பீட்டா-2 சுமார் 0.24. நாளைக்கு அந்த நிலையின் கிளர்வையும் சேர்த்துக் கப்புள்டு சேனலில் (இரு நிலைகளின் அலைகளையும் ஒன்றாகத் தீர்க்கும் முறை) ஓட்டினால், மேற்பரப்பு 7.17-ஐ அப்படியே வைக்கக் கூடாது. அந்த 7.17-க்குள்ளேயே 2+ நிலைக்குப் போன இழப்பும் அடக்கம். வெளிப்படையாகச் சேர்த்தபின் அதைக் குறைக்காவிட்டால் ஒரே கடனை இரண்டு தடவை வசூலிப்பது மாதிரி.

சேண்பாக்கம் எழுதியது:

குடியாத்தம் சொன்ன கடைசிப் பத்தி சரி, நான் விட்டுவிட்டேன். பீட்டா-2-ஐச் சேர்க்கும்போது மெய்ப்பகுதியையும் கற்பனைப் பகுதியையும் இரண்டையுமே உருச்சிதைக்க வேண்டும். மெய்ப்பகுதியை மட்டும் சிதைத்தால் 2+ நிலையின் கோணப் பரவல் கெட்டுப்போகும்.

பின்னால் யாராவது இதே புரோகிராமைப் புரோட்டானுக்கு மாற்றுவார்கள் என்பதால் அதையும் எழுதிவைக்கிறேன். ஐசோஸ்பின் உறுப்பின் குறி திரும்ப வேண்டும்: நியூட்ரானுக்குக் கழித்த 21.0 × (என் − இசட்)/நிறை எண் புரோட்டானுக்குக் கூடும். நியூட்ரான் மிகுந்த அணுக்கருவைப் புரோட்டான் அதிகம் ஈர்க்கிறது என்பதே லேன் சொன்னது. மேற்பரப்பு ஆழத்திலும் அப்படியே. இதற்கு மேல் கூலும் திருத்தம் உண்டு. புரோட்டான் உள்ளே நுழையும்போது கூலும் விலக்கலால் வேகம் குறைகிறது, குறைந்த ஆற்றலுக்குரிய ஆழமான பொட்டன்ஷியலைப் பார்க்கிறது. இரும்பு-56, 14 எம்இவிக்கு அந்தத் திருத்தம் மட்டும் 3.62 எம்இவி, மொத்த ஆழம் 54.18. நியூட்ரானின் 47.45-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தத்தை மறந்தால் பள்ளமெல்லாம் வரிசையாக இடம்பெயரும்.

பொருத்துவது ஹாங்கெல் சார்புகளோடு அல்ல, கூலும் சார்புகளோடு. சொமர்ஃபெல்ட் எண் இங்கே 1.10. ரூதர்ஃபோர்டு வீச்சைப் பகுதி அலைகளாகக் கூட்ட முயலாதீர்கள், அந்தத் தொடர் ஒருங்காது. மூடிய சூத்திரத்தைத் தனியாக வைத்து, அணுக்கருப் பங்குக்கு மட்டும் எஸ் − 1-ஐக் கூலும் கட்டத்தோடு பெருக்கிக் கூட்டுங்கள். ரூதர்ஃபோர்டால் வகுத்த விகிதம் சிறு கோணத்தில் 1-ஐ நோக்கிப் போக வேண்டும். போகாவிட்டால் கூலும் கட்டத்தில் குறி தப்பு. புரோட்டானுக்கு மொத்தக் குறுக்குவெட்டு முடிவிலி, அதனால் ஆப்டிகல் தேற்றச் சோதனை கிடையாது. வினைக் குறுக்குவெட்டை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஆற்றல் உயரும்போது அலை எண்ணைச் சார்பியல் முறையில் எடுங்கள். 65 எம்இவி புரோட்டானுக்கே சாதாரணச் சூத்திரம் உந்தத்தை 1.7 சதவீதம் குறைத்துக் காட்டும். 60 டிகிரியில் இருக்கும் பள்ளம் ஒரு டிகிரி தள்ளிப்போகும்.

காட்பாடி_முதுகலை எழுதியது:

ஹவுசர்–ஃபெஷ்பாக் சேர்த்துவிட்டேன். மோல்டாவர் இல்லாமலே 3 எம்இவி பள்ளம் பெரும்பகுதி மேலே வந்துவிட்டது, திருத்தம் போட்டதும் டாலிஸோடு நெருங்கிவிட்டது. பின்கோணத்தில் மட்டும் இன்னும் சில சதவீதம் குறைவு. 2.942 நிலையை நான் சேர்க்கவில்லை, அதுவா?

ஆற்காடு_நவாப்பழம் எழுதியது:

அது இல்லை. சேர்த்தால் மீட்சி இன்னும் குறையும், கூடாது. அதுவும் 5 கிலோஇவி நியூட்ரானுக்கு எல் = 0 அலை மட்டும்தான், அதனால் வரும் மாற்றம் சிறிது. 2.085 நிலைக்கு (4+) எல்லா ஜே-க்களையும் அனுமதித்திருக்கிறீர்களா, எல் எங்கே நிறுத்தினீர்கள் என்று பாருங்கள். அங்கே வெளியேறும் நியூட்ரானுக்கு 0.86 எம்இவிதான், எல் = 4-க்கு மேல் தேவையே இல்லை. கெழுக்களின் கூட்டுத்தொகையில் ஒரே எல், ஜே இரண்டு தடவையோ, அனுமதி இல்லாத ஒன்றோ விழுந்திருந்தால் வகுக்கும் எண் பெருத்து, மீட்சி இப்படிச் சில சதவீதம் குறையும். 2+ நிலையோடு ஜே சேர்க்கும் லூப்பில் கீழ் எல்லை 'வித்தியாசத்தின் அளவு' என்று இருக்க வேண்டும். வெறும் கழித்தலாக இருந்தால் எதிர்ம எண்ணிலிருந்து தொடங்கி எண்ணக் கூடாத வாயில்களையும் எண்ணும். முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

காட்பாடி_முதுகலை எழுதியது:

அந்த வரிதான்.